வேக்ஸுக்கு முன்னால் பெயிண்டை எதால் சுத்தம் செய்வது? டெல்டாக் கார்களுக்கு ஒரு ஒப்பீடு

ஆயுத பூஜை நெருங்கும்போது கார் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "வேக்ஸ் வாங்கியாச்சு. போடுறதுக்கு முன்னாடி கிளே பார் தேய்க்கணுமா, பெயிண்ட் கிளீனர் போதுமா, இல்லை பட்டறையில விட்டு ஒரு ரப்பிங் போட்டுடலாமா?" வேக்ஸ் என்பது பெயிண்டின் மேல் பூசும் காப்பு, கிளே பார் ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் கட்டி, ரப்பிங் பெயிண்டையே தேய்த்துச் சீவும் மருந்து. கடையில் இவை எல்லாம் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேக்ஸுக்கு முன்னால் பெயிண்டைத் தயார் செய்வதாகத்தான் எல்லா டப்பாக்களிலும் எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. தவறான ஒன்றை எடுத்தால் பணம் போவதோடு, திரும்ப வாங்க முடியாத ஒன்றும் காரிலிருந்து போய்விடும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஓடும் கார்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பெருநகரத்துக் காருக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே பெயிண்டில் ஒட்டுவதே வேறு.

## நம் பக்கத்துக் கார்களில் என்ன ஒட்டுகிறது

முதலில் அரிசி ஆலைச் சாம்பல். நெல் அவிக்கும் பாய்லர்களில் உமியைத்தான் எரிக்கிறார்கள். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா, அதாவது மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலமான அதே பொருள். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ஆலைக்கு அருகில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் பானெட்டின் மேல் கருப்புப் பொடி படிந்திருக்கும். அதைக் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கார் சுத்தமானதுபோல் தெரியும். வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். டெல்டாக் கார்களில் நான் பார்க்கும் கீறல்களில் பாதிக்கு மேல் இந்தக் காலைத் துடைப்பில் வந்தவை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது பூச்சி. சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு வயல் நடுவே ஓட்டினால் புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெளிச்சத்தைத் தேடிப் பறந்துவந்து பம்பரிலும் பானெட்டிலும் அப்பிக்கொள்ளும். ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிட்டால் ஷாம்பூவுக்கு லேசில் அசையாது.

மூன்றாவது போர் தண்ணீர். கடலோரம் போகப் போக நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடுகின்றன. அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கார்களின் கூரையைத் தடவிப் பார்த்தாலே தெரியும்.

பிறகு இரும்புத் துகள். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறப்பது. மயிலாடுதுறை ஜங்ஷன் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு வாரக் கடைசியில் சென்னைக்கு ரயில் ஏறுபவர்களின் வெள்ளைக் கார்களில் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். பெயிண்டின் அடித் தகடு துருப்பிடித்துவிட்டது என்று பலர் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள், மேலேயே இருந்து துருப்பிடிப்பது.

இவை தவிர, சாலை வேலை நடக்கும் இடத்தில் தெறிக்கும் தார், தூங்குமூஞ்சி மரத்தடியில் சொட்டும் பிசின், காக்கை எச்சம். அப்புறம் பூஜையன்று நாமே வைக்கும் சந்தனமும் குங்குமமும். ஈரக் குங்குமம் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு நாள் இருந்தால் இளஞ்சிவப்புக் கறை விட்டுப்போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல்: அழுக்கு பெயிண்டின் மேலே இருக்கிறதா, பெயிண்டுக்குள்ளேயே இருக்கிறதா? சாம்பல், தார், இரும்பு, பிசின், புது உப்பு வளையம் எல்லாம் மேலே இருப்பவை. கீறல், வெளிறல், எச்சம் அரித்த குழி, பழைய உப்பு வளையம் அரித்த தடம் எல்லாம் பெயிண்டுக்குள் ஏற்பட்டவை. மேலே இருப்பதை எடுக்க பெயிண்டைத் தேய்க்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைத் தேய்க்காமல் எடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. காரைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல்களின் மேல் மெல்லிய பாலித்தீன் பை ஒன்றை மாட்டிக்கொண்டு பானெட்டை லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். பிறகு பையைக் கழற்றிவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கைக்குச் சொரசொரப்பு, கண்ணுக்குப் பளபளப்பு என்றால் அழுக்கு மேலே. கைக்கு வழவழப்பு, கண்ணுக்கு மங்கல் என்றால் உள்ளே. இரண்டும் இருந்தால் இரண்டு வேலை. கதவின் மேல்பாதியும் கூரையும் ஒன்று சொல்லும், கதவின் கீழ்ப்பாதி வேறொன்று சொல்லும். அதனால் நாலைந்து இடங்களில் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது அளவுகோல், கிளியர் கோட் எவ்வளவு செலவாகும் என்பது. இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான்தான். சாதாரண அச்சுத்தாளே 100 மைக்ரான் தடிமன் இருக்கும். தாளில் பாதியைத் தாண்டாத அந்த அடுக்குதான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காக்கிறது. தேய்த்து எடுத்தது திரும்ப வளராது. என் பார்வையில் விலையைவிட இதுதான் பெரிய செலவு.

மூன்றாவது, நம் வெயிலும் தண்ணீரும். சூட்டில் எந்த மருந்தும் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். நிறையத் தண்ணீர் கேட்கும் வழி உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் புது வேலையை உண்டாக்கும்.

நான்காவது, நேரமும் கூடுதல் சாமான்களும். டப்பா விலையோடு துணி, ஸ்பிரே, ஷாம்பூ, பேட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

## கிளே பார்

பார்ப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் கட்டிபோல இருக்கும். மண் அல்ல, நெகிழும் பிசினில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி கலந்தது. ஜப்பானில் உருவாகி, 1995-இல் தடாவோ கோடாதே பெயரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வழுக்கும் திரவத்தை அடித்து அதன் மேல் கட்டியை வழுக்கவிட்டால், பெயிண்டைவிட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துகள்களை மட்டும் பிடுங்கித் தன்னோடு எடுத்துக்கொள்ளும்.

டெல்டாவில் இதற்குத்தான் வேலை அதிகம். சாம்பல், இரும்பு, காய்ந்த பூச்சி, பிசின் என்று நம்முடைய அழுக்கில் பெரும்பகுதி மேலே இருப்பது. நன்றாகக் கழுவிய காரின் பானெட்டில் ஒரு சாண் சதுரத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். முதலில் சரசரவென்று ஒரு சத்தமும் இழுப்பும் இருக்கும். சில ஓட்டுக்குப் பிறகு சத்தம் அடங்கி, கட்டி தானாக வழுக்கும். திருப்பிப் பார்த்தால் மஞ்சளும் பழுப்புமாக அழுக்கு ஒட்டியிருக்கும். அதை உள்ளே மடித்துப் பிசைந்து புது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சதுரத்துக்குப் போக வேண்டும்.

மறைந்த செலவுகள் உண்டு. கட்டி ஒருமுறை தரையில் விழுந்தால் அதோடு முடிந்தது. மண் ஒட்டிய கட்டியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். அதனால் முழுக் கட்டியையும் கையில் எடுக்காமல் மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒரு துண்டோடு மட்டும் வேலை செய்வது நல்லது. வழுக்குத் திரவம் நினைத்ததைவிட அதிகம் செலவாகும். தனி ஸ்பிரே வாங்க விருப்பமில்லை என்றால் கார் ஷாம்பூ கரைத்த தண்ணீர் போதும், ஆனால் தாராளமாக அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் கட்டி இளகிப் பெயிண்டில் பிசுக்காக ஒட்டும். நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று: கருப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் கிளே பார் லேசான மங்கல் கோடுகளை விடலாம். கடினமான 'மீடியம்' வகையை வாங்காமல் 'ஃபைன்' வகையை வாங்கினால் இது குறையும். கருப்புக் கார்காரர்கள் கிளேக்குப் பிறகு ஒரு கை பெயிண்ட் கிளீனர் போடத் தயாராக இருக்க வேண்டும்.

கீறல், வெளிறல் இரண்டையும் கிளே பார் தொடவே தொடாது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

## பெயிண்ட் கிளீனர்

வேக்ஸுக்கு முந்தைய படி என்று விற்கப்படும் பால்போன்ற திரவம். மெக்வயர்ஸின் 'டீப் கிரிஸ்டல்' வரிசையில் கிளீனர், பாலிஷ், வேக்ஸ் என்று மூன்று படியில் முதல் படி இதுதான். வேறு கம்பெனிகளிலும் இதே வகை வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது.

வாங்குவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டிய பொருள் இது. ஏனென்றால் இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வெறும் கரைப்பான் வகை. பழைய வேக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு, சாலைப் படலம், லேசான குங்குமக் கறை ஆகியவற்றைக் கரைத்து எடுக்கும். பெயிண்டைத் தேய்க்காது. மற்றொன்றில் கரைப்பானோடு நுண்ணிய தேய்ப்புப் பொடியும் இருக்கும். லேசான வெளிறலையும் தலைமுடிக் கீறல்களையும் குறைக்கும், பதிலுக்குக் கொஞ்சம் கிளியர் கோட்டை எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் கீறலை நிரப்பி மறைக்கும் எண்ணெய்களும் உண்டு. போட்ட அன்று கண்ணாடிபோல இருந்து, நாலைந்து முறை கழுவியதும் பழைய கீறல்கள் எட்டிப் பார்த்தால் அது நிரப்பி மறைத்த வேலை. அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

கிளீனரின் பலம், வேக்ஸ் ஒட்டுவதற்கான தளத்தைத் தயார் செய்வது. போன வருஷத்து வேக்ஸின் மிச்சத்தின் மேலும் சிலிகான் ஸ்பிரேயின் மேலும் புது வேக்ஸ் சரியாகப் பிடிக்காது. வாட்டர் வாஷ் கடையில் ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டுக்கும் டயருக்கும் அடிக்கும் பளபளப்பு ஸ்பிரே காற்றில் பறந்து கதவிலும் மட்கார்டிலும் படிந்திருக்கும். கிளே பார் அதை முழுமையாக எடுக்காது, கிளீனர் எடுக்கும்.

பலவீனம் என்னவென்றால், சொரசொரப்பு. உமிச்சாம்பலும் இரும்பும் ஒட்டியிருக்கும் பானெட்டில் கிளீனரைப் போட்டுத் துணியால் தேய்த்தால், துகளைப் பிடுங்குவதற்குப் பதிலாகத் துணியோடு சேர்த்து அதை இழுத்துக்கொண்டு போவோம். அதனால் பாலித்தீன் பையில் சொரசொரப்பு தெரிந்தால், கிளே பார் முடித்த பிறகுதான் கிளீனர்.

மறைந்த செலவு துணியும் கைவலியும்தான். ஒரு சின்னக் காருக்கே அரை டஜன் மைக்ரோஃபைபர் துணியாவது வேண்டும். ஒரே துணியால் கூரையிலிருந்து டிக்கி வரை இழுத்தால் எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசுகிறோம். பழைய பனியன் துணி வேண்டாம், அதன் தையல் விளிம்பு கீறும். கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும் என்பதால் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

இது வேறு எதையும்விடச் சிறப்பாக வேலை செய்யும் ஒரு வண்டி உண்டு: கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்ட். அம்பாசடர் காலத்து வண்டியைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கிளீனர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே வந்தால் அது அந்த வகைப் பெயிண்ட். வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மேல்தோல் போய், அடியிலிருந்து பழைய நிறம் வெளிவரும். மெதுவாக, ஒரே இடத்தில் அழுத்தாமல் செய்ய வேண்டும்.

## இரும்புத் துகள் நீக்கி

அயர்ன் ரிமூவர் என்று விற்கிறார்கள். தயோகிளைகோலேட் என்ற உப்புதான் பெரும்பாலும் இதன் மருந்து. இரும்பில் பட்டதும் ஊதா நிறமாக மாறி வழியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ரயில் நிலையத்துக்கு அருகில் நிற்கும் வெள்ளைக் கார், வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக் கார், மலைப்பாதையில் நிறைய ஓடிய கார் ஆகியவற்றுக்கு இது வரம். ஆரஞ்சுப் புள்ளியைக் கையால் தொடாமல் கரைக்கும், கிளே பாரின் வேலையும் குறையும்.

சாம்பல், பிசின், உப்பு வளையம் எதற்கும் இது உதவாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெயிலில் காயவிட்டால் அதுவே கறை. வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

## ரப்பிங் காம்பவுண்ட்

"அண்ணே, ஒரு ரப்பிங் போட்டுட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும்." டிங்கரிங் பட்டறையில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஆகவும் செய்யும். பிரச்சினை, அது எப்படி ஆகிறது என்பதில் இருக்கிறது. காம்பவுண்ட் கீறலைத் துடைத்து எடுப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடி மட்டம் வரை சீவிக் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் வரை போகலாம். இருப்பதே 50-க்குள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ரப்பிங் போட்ட கார்களின் கூரையிலும் பானெட்டிலும் ஏழெட்டு வருஷத்தில் வெள்ளையாகத் தோல் உரிவதைப் பார்க்கலாம். வெயில் ஒரு காரணம், மெலிந்துபோன கிளியர் கோட் இன்னொரு காரணம். அந்த நிலைக்கு வந்த பிறகு எந்த வேக்ஸும் உதவாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். ரப்பிங்கின் உண்மையான மறைந்த செலவு அதுதான்.

பட்டறையில் சுழலும் மெஷினால் போடும்போது இன்னொரு ஆபத்து: ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே சூடேறி நிறம் வரை போய்விடும். மெஷின் விட்ட வட்டத் தடங்களை எண்ணெய் மறைத்து வைத்திருக்கும், இரண்டு கழுவலில் வெயிலில் மயில்தோகைபோல் மின்னும். நல்ல கைப்பக்குவம் உள்ளவர் இருக்கிறார். அவரிடம்தான் போகிறோமா என்பதை முன்பு அவர் செய்த கருப்புக் கார் ஒன்றை வெயிலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரப்பிங் தேவைப்படும் இடங்களும் உண்டு. எச்சம் அரித்த குழி, பஸ் உரசிவிட்டுப்போன வேற்றுப் பெயிண்ட், நகத்தில் லேசாகத் தட்டுப்படும் கீறல். அங்கேயும் அந்த ஒரு சாண் இடத்துக்குக் கையால் போட்டால் போதும். முழு வண்டிக்கும் போட எந்தக் காரணமும் இல்லை.

## கிளீனர் வேக்ஸ்

ஒரே டப்பாவில் சுத்தமும் வேக்ஸும். வேலை பாதியாகும், பலனும் பாதியாகும். தேய்க்கும் பொடியும் காக்கும் வேக்ஸும் ஒரே திரவத்தில் இருப்பதால் இரண்டுமே தனியாகப் போட்டதன் அளவுக்கு வராது. தினம் ஓடும் டாக்ஸி, வாரத்தில் ஒரு அரைநாள்கூடக் கிடைக்காதவரின் வண்டி, நாலைந்து வருஷமாக எதுவுமே போடாத வெள்ளிநிறக் கார் இவற்றுக்கு இது நியாயமான தேர்வு. வேக்ஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை.

## வீட்டுச் சரக்குகள்

பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் பழைய வேக்ஸைக் கொஞ்சம் எடுக்கும். ஒட்டியதை எடுக்காது. டூத்பேஸ்ட்டில் தேய்ப்புப் பொடி இருக்கிறது, எவ்வளவு சொரசொரப்பான பொடி என்று அட்டையில் இருக்காது, அதனால் பெயிண்டுக்கு வேண்டாம். மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும். ஒரு துளி பஞ்சில் எடுத்துத் தார்ப் புள்ளியில் மட்டும் ஒற்றி, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவலாம். கார் முழுக்க மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைத்தால் வருவது எண்ணெய்ப் பளபளப்பு. அதில் தூசி அப்பும், வேக்ஸ் ஒட்டாது.

வினிகர் மட்டும் உண்மையிலேயே பயனுள்ளது. உப்புத் தண்ணீர் விட்ட புது வெள்ளை வளையத்தில் சுண்ணாம்பு இருப்பதால் லேசான அமிலத்தில் கரையும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து, ஒரு நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு, காய்வதற்குள் நன்றாகக் கழுவிவிடுங்கள். வளையம் போய்த் தடம் மட்டும் தெரிந்தால் அது பெயிண்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வினிகர் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | எதை எடுக்கும் | எதை எடுக்காது | கிளியர் கோட் செலவு | மறைந்த செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| கிளே பார் | சாம்பல், இரும்பு, பூச்சி, பிசின் | கீறல், வெளிறல் | அநேகமாக இல்லை | வழுக்குத் திரவம், கீழே விழுந்த கட்டி | கைக்குச் சொரசொரப்பு தெரிந்தால் |
| பெயிண்ட் கிளீனர் | பழைய வேக்ஸ், எண்ணெய்ப் படலம், லேசான வெளிறல் | ஒட்டிய துகள், ஆழமான கீறல் | இல்லை அல்லது சிறிது | துணிகள், கை உழைப்பு | வழவழப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் |
| இரும்பு நீக்கி | இரும்புத் துகள் | மற்ற எல்லாம் | இல்லை | நிறையத் தண்ணீர், நாற்றம் | ஆரஞ்சுப் புள்ளி இருந்தால் |
| ரப்பிங் | கீறல், அரிப்புத் தடம் | துகளை முதலில் எடுக்காவிட்டால் கேடு | அதிகம் | பின்னாளில் பெயிண்ட் உரிதல் | சின்ன இடத்துக்கு மட்டும் |
| கிளீனர் வேக்ஸ் | லேசான படலம் | ஒட்டிய துகள் | சிறிது | வேக்ஸ் சீக்கிரம் போகும் | நேரம் இல்லாதபோது |
| வினிகர் | புது உப்பு வளையம் | மற்ற எல்லாம் | இல்லை | கழுவாமல் விட்டால் கறை | போர் தண்ணீர்க் கறைக்கு |

## எந்த வண்டிக்கு எது

இரண்டு மூன்று வருஷக் கார், வீட்டு வாசலில் நிற்கிறது, அருகில் ஆலையோ வயலோ இருக்கிறது: கிளே பார் மட்டும் போதும். முடித்துக் கழுவித் துடைத்துவிட்டு நேராக வேக்ஸ். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் இந்த வகையில்தான் வருவார்கள். இவர்கள்தான் தேவையில்லாமல் ரப்பிங் போடுபவர்களும்.

ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன அடர்நிறக் கார்: கிளே பார், பிறகு லேசான பொடி உள்ள பெயிண்ட் கிளீனர், பிறகு வேக்ஸ். அடுத்த வருஷம் கிளீனரை விட்டுவிட்டுப் பையை மாட்டித் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் கிளே மட்டும். தேய்க்கும் வேலை எதையும் வருஷச் சடங்காக்க வேண்டாம்.

கடலோரக் கார்: வேதாரண்யத்திலோ காரைக்காலிலோ இருந்தால் முதலில் வினிகரில் உப்பு வளையத்தைப் பாருங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வரும் வீடாக இருந்தால் ஒரு வாளியில் பிடித்து வைத்து ஈரத் துணியால் துடைத்தெடுத்தாலே போதும், ஊற்றி வீணாக்கத் தேவையில்லை. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுள்ள கிளீனர் போட்டாலும் மறுவாரமே வளையம் வந்துவிடும்.

ரயில் நிலையக் கார்: இரும்பு நீக்கி, கழுவல், கிளே பார், வேக்ஸ்.

விற்கப் போகிற கார்: கிளீனர் வேக்ஸ் போதும்.

வாங்கப் போகிற பழைய கார் என்றால், வாங்கிய கையோடு எதையும் தேய்க்காதீர்கள். முந்தைய ஆள் எத்தனை ரப்பிங் போட்டிருக்கிறார் என்று தெரியாது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி நல்ல டீடெய்லிங் கடைகளில் (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடைகளில்) இருக்கும். மொத்தத் தடிமனைத்தான் அது காட்டும் என்றாலும், கதவுக்கும் கூரைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் தெரிந்துவிடும்.

## எப்போது, எந்த வரிசையில்

ஆயுத பூஜைக்குப் பிறகு அதிக நாள் இல்லாமல் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதனால் பூஜைக்கு முந்தைய வாரம் வேக்ஸ் போடுவது நல்ல வழக்கம்தான். இரண்டாவது முறை என்றால் சம்பா அறுவடைத் தூசியெல்லாம் அடங்கிய பிறகு, கோடைக்கு முன்னால். அறுவடை நடுவே போட வேண்டாம். சாலையில் நெல் காயும் நாட்களில் கழுவி அரை மணி நேரத்துக்குள் திரும்பத் தூசி படியும், அந்தத் தூசியோடு சேர்த்துத்தான் வேக்ஸைத் தேய்ப்போம்.

வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஷாம்பூ கழுவல், தார்ப் புள்ளி, இரும்பு நீக்கி, மறுகழுவல், கிளே, கிளீனர், வேக்ஸ். உங்களுக்குத் தேவையில்லாத படியை விட்டுவிடலாம், வரிசையை மாற்றக் கூடாது. வேக்ஸுக்குப் பதில் செயற்கைச் சீலன்ட் (வேக்ஸைப்போலவே பெயிண்டைக் காக்கும் ரசாயனப் பூச்சு) போடுவதாக இருந்தால், கிளீனர் விட்ட எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் ஒருமுறை துடைத்தெடுக்க வேண்டும். கார்னௌபா என்ற பனையின் இலையிலிருந்து எடுக்கும் வேக்ஸுக்கு அது கட்டாயமில்லை. சுத்தம் செய்த பெயிண்ட் மேல் எந்தக் காப்பும் இருக்காது என்பதால் அன்றைக்கே வேக்ஸ் போட்டு முடித்துவிட வேண்டும். இன்றைக்குக் கிளே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேக்ஸ் என்று பிரித்துச் செய்தால் நடுவில் விழும் ஒரே ஒரு காக்கை எச்சம் நேரடியாகக் கிளியர் கோட்டை அரிக்கும்.

இவற்றில் எதுவும் போடக் கூடாத வண்டிகளும் உண்டு. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடித்த காரில் கிளேயும் வேண்டாம், கிளீனரும் வேண்டாம், அங்கங்கே பளபளத்துத் திட்டாகிவிடும். செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் கெட்டியாகப் பிடிக்கும் காப்புப் பூச்சு) போட்ட காரில் பொடி உள்ள எதுவும் கோட்டிங்கைத்தான் தின்னும். பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால், அடித்தவரிடம் எத்தனை நாள் ஆறவிட வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மாதமாவது வேக்ஸும் கிளீனரும் படாமல் வெறும் தண்ணீரில் கழுவி வாருங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக வெளியேற அந்த நாட்கள் தேவை.